தோல் தைக்கும் இயந்திரத்திற்கு ஒளி வழிகாட்டி

துணி தைக்கும்போது ஊசி தவறான இடத்தில் இறங்கிவிட்டால் பெரிய நஷ்டமில்லை. நூலைப் பிரித்து, அந்த இடத்தை நகத்தால் இரண்டு முறை நீவிவிட்டால், விலகிய இழைகள் மீண்டும் கூடிக்கொள்ளும். தோலில் அவ்வாறு நடப்பதில்லை. துணி ஊசியின் முனை உருண்டையாகக் கூர்ந்திருக்கும். அது இழைகளை ஒதுக்கிக்கொண்டு செல்கிறது. தோல் ஊசியின் முனையோ சிறு உளியைப்போல வெட்டும் விளிம்புடையது. அது தோலின் நார்களை அறுத்துக்கொண்டு இறங்குகிறது. அறுந்த நார் மீண்டும் ஒட்டுவதில்லை. தவறிய வரிசைக்குப் பக்கத்திலேயே இன்னொரு வரிசை தைத்தால், தபால் தலைகளைப் பிரிப்பதற்காக இட்ட துளைவரிசைபோலத் துளைகள் நெருங்கி, தோல் அந்த இடத்திலேயே கிழிந்துபோகிறது.

ஆகவே தோல் தைப்பவர் முதல் முறையிலேயே சரியாகத் தைத்தாக வேண்டும். துண்டுக் கணக்கில் கூலி பெறுபவருக்கு இது அழகைப் பற்றிய பிரச்சினை மட்டுமன்று. கெட்டுப்போன துண்டுக்குப் பதிலாக வேறொன்றை வெட்டித் தைக்கும் நேரம் அவருக்குக் கூலியில்லாத நேரம். கறுப்புத் தோலில் கறுப்பு நூலால், மங்கிய விளக்கொளியில், நாள் முழுவதும் அந்தக் குறியைத் தவறவிடாமல் பார்த்துக்கொண்டிருப்பது அவருடைய கண்தான்.

மும்பையில் வாழும் தமிழர்களுக்கு இத்தொழில் அந்நியமானதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த தோல் பதனிடுவோர் தாராவியில் குடியேறினர். பதனிடும் தொழில் பிற்காலத்தில் பெரும்பாலும் அங்கிருந்து விலகிப்போயிற்று. ஆயினும் பதனிட்ட தோலைக்கொண்டு பைகளும் பெல்ட்டுகளும் பணப்பைகளும் தைக்கும் பட்டறைகள் அங்கே நிலைபெற்றன.

அத்தகைய ஒரு தையல் இயந்திரத்தின்மேல் சிறு லேசர் விளக்கொன்றைப் பொருத்தி, தையல் எங்கே விழப்போகிறது என்பதைத் தோலின் மீதே ஒளிக்கோடாகக் காட்ட முடியும். இதற்கு வேண்டிய பொருள்கள் சில. செலவும் சில நூறு ரூபாயே. ஆனால் விளக்கை எங்காவது ஒட்டிவைத்தால் அது வழிகாட்டியாகாது. வழி தவறவைக்கும் சாதனமாகிவிடும். அதன் பௌதிகத்தையும், பொருத்தும் முறையையும், கண்ணைப் பற்றிய எச்சரிக்கையையும் இக்கட்டுரையில் வரிசையாகக் காண்போம்.

பழைய வழிகாட்டிகள்

தோல் தொழிலில் வழிகாட்டிகள் புதியன அல்ல. கவராயத்தின் ஒரு காலைத் தோலின் விளிம்பில் ஓட்டி, மறு காலால் கோடு கீறுவது மிகப் பழைய வழக்கம். வெள்ளி நிற மைப் பேனாவால் கோடிட்டுத் தைத்து, பின்னர் துடைத்துவிடுவது மற்றொன்று. இயந்திரத்தின் மேடையில் திருகிவைக்கும் விளிம்புத் தடுப்பு மூன்றாவது. தோலின் ஓரம் அத்தடுப்பை உரசிக்கொண்டே நகர்வதால், ஓரத்திலிருந்து 3 மி.மீ. என்று வைத்தால் 3 மி.மீ. தூரத்திலேயே தையல் விழுகிறது.

இவை ஒவ்வொன்றுக்கும் ஓர் எல்லை உண்டு. கீறிய கோடு அழியாது. வெள்ளிக் கோடு சில தோல்களில் கறையாகத் தங்கிவிடும். விளிம்புத் தடுப்பு ஓரத்திற்கு அருகில் மட்டுமே பயன்படும். பையின் நடுவே உட்பை வைத்துத் தைக்கவோ, ஓரத்திலிருந்து 10 செ.மீ. உள்ளே ஒரு வாரை வைத்துத் தைக்கவோ அதனால் ஆவதில்லை. ஊசித்தகட்டின்மேல் அளவுக்கோடுகள் இருந்தாலும், தோலைப் பரப்பியவுடன் அவை மறைந்துவிடுகின்றன.

ஒளிக்கோடு தோலின் மேற்பரப்பில் விழுவது. அது கீறுவதில்லை, கறைபடுத்துவதில்லை, விளிம்பிலிருந்து எவ்வளவு தூரமானாலும் தெரியும். ஆனால் ஒரு குறை அதற்கும் உண்டு. தடுப்பு தோலைப் பிடித்து நிறுத்துகிறது. ஒளி எதையும் பிடிப்பதில்லை. அது காட்டும்; கைதான் நடத்த வேண்டும். ஆகையால் நேரான ஓரத்தை ஒட்டித் தைப்பதற்குத் தடுப்பே சிறந்தது. தடுப்பு எட்டாத இடங்களுக்கும், தையலைத் தொடங்கும் புள்ளியைக் குறி பார்ப்பதற்கும் ஒளி ஏற்றது. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றொன்றை விலக்க வேண்டியதில்லை.

இயந்திரத்தில் எது அசைகிறது?

1846-ல் எலியாஸ் ஹோவும், 1851-ல் ஐசக் சிங்கரும் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற காலத்திலிருந்து பூட்டுத் தையலின் அடிப்படை மாறவில்லை. மேல் நூல் ஊசியோடு இறங்கி, கீழே பாபின் நூலோடு பின்னிக்கொண்டு மேலேறுகிறது. துணி இயந்திரத்தில் அடியிலுள்ள பற்கள் மட்டுமே துணியைத் தள்ளுகின்றன. தடித்த தோலுக்கு அது போதாது. மேலடுக்கு பின்தங்கிக் கீழடுக்கு முந்திக்கொள்ளும். எனவே தோல் இயந்திரங்களில் நடக்கும் பாதம் என்னும் அமைப்பு இருக்கிறது. பாதம் இரு பகுதிகளாகி, ஒன்று தோலை அழுத்தியிருக்க மற்றொன்று எழுந்து முன்னேறுகிறது. இவற்றுள் பலவற்றில் ஊசியும் தோலில் குத்தியபடியே அதைப் பின்னோக்கி இழுத்துச் செல்கிறது.

நம் வேலைக்கு இதிலிருந்து தெரிந்துகொள்ள வேண்டியவை இரண்டு. முதலாவது, ஊசித்தண்டும் பாதத்தண்டும் ஓயாது அசைபவை. அவற்றில் விளக்கைக் கட்டக் கூடாது. அசையாத வார்ப்பிரும்புத் தலையிலேயே கட்ட வேண்டும். இரண்டாவது, தையற்காரர் இயந்திரத்தின் முன் அமர்ந்திருக்க, தோல் அவரிடமிருந்து விலகிப் பின்னோக்கிச் செல்கிறது. ஆகவே இனி தைக்கப்படவேண்டிய தோல் பாதத்துக்கும் அவருக்கும் இடையில்தான் கிடக்கிறது. ஒளி விழவேண்டிய இடமும் அதுவே.

லேசர் எதற்கு?

சாதாரணக் கைவிளக்கின் முன் ஒரு மெல்லிய பிளவை வைத்துக் கோடு போட முடியாதா என்று கேட்கலாம். போடலாம், ஆனால் விளக்கின் இழை ஒரு புள்ளியன்று, பரப்புள்ள பொருள். அதிலிருந்து வரும் கதிர்கள் பல திசைகளில் பிரிவதால், கோட்டின் ஓரம் மங்கிப் பரவும். பிளவைக் குறுக்கினால் வெளிச்சம் குறைந்துபோகும். லேசரில் இந்தத் தொல்லை இல்லை.

தூண்டப்பட்ட ஒளி உமிழ்வு நிகழக்கூடும் என்பதை ஐன்ஸ்டீன் 1917-ல் கணித்துக் கூறினார். 1960-ஆம் ஆண்டு மே 16-ஆம் நாள் தியோடர் மைமன் ஒரு மாணிக்கக் கோலைக்கொண்டு முதல் லேசரை இயக்கினார். 1962-ல் குறைகடத்தியிலிருந்து லேசர் ஒளி பெறப்பட்டது. 1970-ல் அது சாதாரண அறை வெப்பநிலையில் இடைவிடாது எரியும் நிலையை அடைந்தது. டி.வி.டி. கருவிகளில் தட்டைப் படிப்பது 650 நானோமீட்டர் அலைநீளமுள்ள சிவப்புக் குறைகடத்தி லேசர்தான். அதே வகைத் துண்டு, ஒரு விரற்கணுவின் பருமனுள்ள பித்தளைக் குழாயில், லென்ஸோடு சேர்த்து இன்று விற்கப்படுகிறது. நம் நகரில் லாமிங்டன் சாலையின் மின்னணுக் கடைகளில் கேட்டால் கிடைக்கும்.

குழாயின் முனையில் கண்ணாடிக் கோல்போன்ற உருளை லென்ஸ் இருந்தால், புள்ளியாக வரும் ஒளி கோலுக்குச் செங்குத்தான திசையில் மட்டும் விசிறிபோல விரிகிறது. விசிறி தோலில் மோதும் இடமே ஒளிக்கோடு. வாங்கும்போது கேட்க வேண்டியது கோடு வரையும் லேசர் என்பதையே. புள்ளி லேசர் அன்று.

இந்தக் கோடு எவ்வளவு தூரம் மெல்லியதாகவே இருக்கும்? ஒளிக்கற்றையின் அரை அகலம் 0.25 மி.மீ. என்றும், அலைநீளம் 0.00065 மி.மீ. என்றும் கொள்வோம். அரை அகலத்தின் வர்க்கத்தைப் பையால், அதாவது 3.14-ஆல், பெருக்கி, அலைநீளத்தால் வகுத்தால், கற்றை கூர்மையாக நிற்கும் தூரம் கிடைக்கும். 3.14 × 0.0625 ÷ 0.00065 என்பது ஏறக்குறைய 300 மி.மீ. அதாவது கூர்மையான இடத்திலிருந்து மேலும் கீழும் ஓரடித் தூரம்வரை கோடு அதிகம் பருக்காது. தோலின் தடிப்போ சில மில்லிமீட்டர்களே. ஆகவே கோடு மங்குமோ என்று கவலைப்பட வேண்டியதில்லை. கவலைப்பட வேண்டியது வேறொன்றைப் பற்றி.

கோடன்று, தளம்

தாராவியில் நெடுங்காலமாகப் பை தைத்துவரும் முதியவர் ஒருவரிடம் இந்த யோசனையைச் சொன்னபோது, அவர் சிரித்துக்கொண்டு, "கோடு காட்டுனா பத்தாது தம்பி, ஊசி எங்க விழும்னுல்லா காட்டணும்" என்றார். பௌதிகத்தின் முழுக் கேள்வியும் அந்த ஒரு வாக்கியத்தில் அடங்கியிருக்கிறது.

விளக்கை இயந்திரத் தலையின் இடப்பக்கத்தில் மாட்டி, சாய்வாக ஊசியை நோக்கித் திருப்புவதுதான் எவருக்கும் முதலில் தோன்றும். அங்கே இடம் தாராளம்; கையும் எளிதில் எட்டும். ஒரே தடிப்புள்ள தோலை வைத்துப் பார்த்தால் கோடு ஊசியின் நேரே மிகச் சரியாகத் தெரியும். இப்போது பையில் வார் சேரும் இடத்திற்கு வருவோம். 1.5 மி.மீ. தடிப்புள்ள இரண்டடுக்கு அங்கே நான்கடுக்காகிறது. தடிப்பு 3 மி.மீ. இலிருந்து 6 மி.மீ. ஆகிறது. மேற்பரப்பு உயர்ந்ததும், சாய்ந்து வரும் ஒளி முன்னைவிடச் சீக்கிரமாகவே தோலில் மோதிவிடுகிறது. கோடு பக்கவாட்டில் விலகுகிறது.

எவ்வளவு விலகும் என்பதை எளிய முக்கோணவியல் சொல்லும். உயர்ந்த அளவைச் சாய்வுக் கோணத்தின் டேஞ்சன்டால் பெருக்கினால் போதும். ஒளி நேர்க்குத்திலிருந்து 30 பாகை சாய்ந்திருந்தால், 3 மி.மீ. உயர்வுக்கு விலகல் 3 × 0.577, அதாவது 1.7 மி.மீ. சாய்வு 10 பாகையானால் 0.5 மி.மீ. ஓரத்திலிருந்து 3 மி.மீ. தூரத்தில் தைக்க வேண்டிய வேலையில் 1.7 மி.மீ. தவறு என்பது பாதிக்கு மேல். அதுவும் தடித்த இடத்தில், மிகுந்த பலம் வேண்டிய இடத்தில், இத்தவறு நேர்கிறது. கோட்டை நம்பிச் சென்றவருக்குக் கோடே துரோகம் செய்துவிடுகிறது.

இதை நீக்கும் வழி யாது? நம் கண்ணுக்குத் தெரிவது கோடாயினும், விளக்கிலிருந்து புறப்படுவது கோடன்று. அது ஒளியாலான ஒரு தளம். கண்ணாடித் தகடு ஒன்று நேராக நிற்பதாக மனத்தில் எண்ணிக்கொள்வோம். அது ஊசி ஏறி இறங்கும் பாதை வழியாகவும், தையல் செல்லும் திசை வழியாகவும் நிற்கட்டும். தோலை உயர்த்தினாலும் தாழ்த்தினாலும் அது தகட்டைச் சந்திக்கும் இடம் மேலும் கீழுமாக மாறுமேயன்றி, இடமோ வலமோ நகராது. தகடு தாழ்வாரத்துத் தட்டிபோலச் சாய்ந்து நின்றால்தான் பக்கவாட்டு விலகல் உண்டாகும்.

எனவே விதி இதுதான்: ஒளித்தளம் ஊசியின் பாதையையும் தையல் திசையையும் தன்னுள் கொண்டிருக்க வேண்டும். இதை நிறைவேற்றிவிட்டால் தோலின் தடிப்பு கணக்கிலிருந்தே மறைந்துவிடும். அந்தத் தளத்திற்குள்ளேயே விளக்கு முன்னோக்கியோ பின்னோக்கியோ சாய்ந்திருந்தால் தவறில்லை. கோட்டின் நீளம் சற்று மாறும், இடம் மாறாது. பக்கவாட்டுச் சாய்வு மட்டுமே குற்றம். ஊசித்தண்டின் நேர்மேலே இடமில்லாமையால், விளக்கை இயந்திரத் தலையின் முன்முகத்தில், தையற்காரரை நோக்கிய பக்கத்தில், ஊசியின் நேரே நடுவாக வைப்பதே தக்கது.

சுவையான ஒரு செய்தியையும் இங்கே சொல்லலாம். சாய்ந்த ஒளித்தளத்தால் உண்டாகும் இந்த விலகலையே பயன்படுத்தி, தொழிற்சாலைகளில் பொருள்களின் உயரத்தை அளக்கிறார்கள். நமக்குப் பிழையாக இருப்பது அவர்களுக்கு அளவுகோல்.

பொருத்தும் முறை

முதலில் இயந்திரத்தின் மின் இணைப்பை எடுத்துவிடுக. ஊசியையும் கழற்றிவைப்பது நல்லது. கால்மிதியில் தவறி அழுத்தம் பட்டால் ஊசி விரலையும் தோலென்றே கொள்ளும்.

விளக்கைத் தாங்க 2 அல்லது 3 மி.மீ. தடிப்புள்ள எஃகு அல்லது அலுமினியப் பட்டையை வளைத்து ஒரு கை செய்துகொள்ளலாம். கை குட்டையாகவும் விறைப்பாகவும் இருக்க வேண்டும். நீண்டு மெலிந்த கையானால், இயந்திரம் ஓடும்போது அது தந்திபோல் அதிர்ந்து, கோடு இரட்டையாகத் தோன்றும். வார்ப்பிரும்புத் தலையில் புதிதாகத் துளையிட வேண்டாம். உள்ளே எண்ணெய் வழிகளும் அசையும் உறுப்புகளும் உள்ளன. முன்தகட்டைப் பிடித்திருக்கும் திருகுகளில் ஒன்றையே சற்று நீளமானதாக மாற்றி, அதில் கையைப் பிணைக்கலாம். காந்தத்தால் ஒட்டிவைப்பது இடம் பார்ப்பதற்கு வசதி. நாள்பட்ட வேலைக்கு உதவாது, அதிர்வில் நழுவும். நூல் செல்லும் வழியையும், ஊசியில் நூல் கோக்கும் கையையும் அது தடுக்காதிருத்தல் அவசியம்.

அடுத்து, விளக்கைத் திருப்பிச் சரிசெய்யும் திருகு. விளக்கு தோலிலிருந்து 150 மி.மீ. உயரத்தில் இருப்பதாகக் கொண்டால், அது ஒரு பாகை திரும்பினாலே கோடு 2.6 மி.மீ. நகர்ந்துவிடும். கையால் திருப்பி 0.2 மி.மீ. துல்லியம் பெறுவது இயலாது. ஆகவே விளக்கைச் சிறு கீலில் அமர்த்தி, கீலிலிருந்து 30 மி.மீ. தள்ளி ஒரு 3 மி.மீ. திருகு அதைத் தள்ளுமாறும், எதிர்ப்புறம் ஒரு சுருள்வில் அழுத்துமாறும் அமைக்க வேண்டும். அத்திருகின் புரியிடைவெளி 0.5 மி.மீ. ஒரு முழுச் சுற்றுக்குக் கோடு 2.5 மி.மீ. நகரும். கடிகார முகத்தில் ஒரு மணியிலிருந்து அடுத்த மணிவரை திருப்பினால் 0.2 மி.மீ. நகரும். இது தையல் நூலின் பருமனுக்கும் குறைவு, நமக்குப் போதும்.

கோட்டின் நீளத்தை விசிறியின் கோணம் தீர்மானிக்கிறது. 150 மி.மீ. உயரத்திலிருந்து 100 மி.மீ. நீளமுள்ள கோடு வேண்டுமானால் 37 பாகை போதுமானது. 90 பாகை, 120 பாகை என்று விரியும் விளக்குகள் ஒளியை வீணாக்கும். அன்றியும் வேண்டாத இடத்தில் அது சென்று விழும்.

மின்சாரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. குறைகடத்தி லேசரில் ஒரு குறிப்பிட்ட மின்னோட்டம்வரை மங்கலான ஒளியே வரும். அந்த எல்லையைத் தாண்டியதும் ஒளி திடீரென்று ஏறும். இன்னும் சிறிது மிஞ்சினால் துண்டின் முகமே எரிந்துபோகும். எனவே மின்னோட்டத்தை ஒரே அளவில் நிறுத்தும் சுற்று உள்ள விளக்கையே வாங்க வேண்டும். தொலைபேசிக்கு மின்னேற்றும் நல்ல 5 வோல்ட் சாதனம் ஒன்று இதற்குப் போதும். விளக்கு ஏற்கும் வோல்ட் அளவை மட்டும் முன்னதாகப் பார்த்துக்கொள்க. இயந்திர மோட்டாரின் கம்பிகளிலிருந்து கிளை எடுக்க முயலலாகாது. கம்பியைச் சக்கரத்துக்கும் வாருக்கும் எட்டாதபடி தலையோடு ஒட்டிக் கட்டுக.

படிக்கட்டுச் சோதனை

பொருத்தியது சரிதானா என்று காண்பதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். கழித்துப்போட்ட தோல் துண்டுகளே போதும்.

முதலில் திசையைச் சரிபார்ப்போம். மேடையின்மேல் விளிம்புத் தடுப்பையோ நீண்ட எஃகு அளவுகோலையோ இறுக்கிவைத்து, நேராக வெட்டிய தடித்த அட்டையின் ஓரத்தை அதில் உரசியபடி, நூலில்லாமல் 20 செ.மீ. நீளம் தைத்துக்கொள்ள வேண்டும். பின் ஊசியையும் பாதத்தையும் உயர்த்தி, அட்டையை அதே தடுப்பின் ஓரமாக நம்மை நோக்கி இழுத்து, முதல் துளை ஊசிக்கு நேரே வருமாறு வைத்தால், ஏனைய துளைகள் வரிசையாகப் பாதத்தின் முன்னால் கிடக்கும். இதுதான் இயந்திரம் உண்மையில் செல்லும் வழி. ஒளிக்கோடு இந்தத் துளைகள் எல்லாவற்றின் மேலும் படியுமாறு விளக்கைத் திருப்புக.

இனி தடிப்பைப் பார்ப்போம். ஒரே அகலமுள்ள தோல் துண்டுகளை ஒன்றைவிட ஒன்று 3 செ.மீ. குட்டையாக வெட்டி, அடுக்கி ஒட்டினால் நான்கு படிகளுள்ள சிறு படிக்கட்டு கிடைக்கும். அதன் தாழ்ந்த படியில் தொடங்கி, ஒளிக்கோட்டை ஒரு பேனாவால் தோலின் மேல் முழுவதும் வரைந்துகொள்க. பிறகு நூலில்லாமல், மெதுவாக, சக்கரத்தைக் கையால் சுழற்றி, தோலைப் பக்கவாட்டில் திருப்பாமல் தைத்துச் செல்க. துளைகள் நான்கு படியிலும் பேனாக்கோட்டின் மேலேயே விழுந்தால் தளம் நேராக நிற்கிறது. படிக்குப் படி துளை ஒரே பக்கமாக விலகிச் சென்றால் தளம் சாய்ந்திருக்கிறது. அப்போது திருகை மட்டும் திருப்பிப் பயனில்லை. விளக்கையே சிறிது பக்கவாட்டில் நகர்த்தி, மறுபடி ஊசிக்கு நேரே திருப்பி, சோதனையை மீண்டும் செய்ய வேண்டும். இரண்டு மூன்று முறையில் சரியாகிவிடும்.

சரியானபின் எல்லாத் திருகுகளையும் இறுக்கி, புரிகளில் ஒரு சொட்டுப் பசையிடுக. வாரத்துக்கு ஒருமுறை அதே படிக்கட்டைக்கொண்டு சோதிப்பது நல்ல வழக்கம்.

வளைவுகளில்

நேர்த்தையலில் தையற்காரர் பாதத்திலிருந்து தொலைவிலுள்ள ஒளியைப் பார்த்தே தோலை நடத்தலாம். வளைவில் அவ்வாறு செய்யக் கூடாது. ஒளிக்கோடு எப்போதும் நேரானது. வளைந்த தையலுக்கு அது ஊசிமுனையில் தொடுகோடாக மட்டுமே அமையும். ஊசியிலிருந்து தள்ளிப்போகப் போக அது வளைவைவிட்டு விலகும். விலகும் அளவு, தூரத்தின் வர்க்கத்தை ஆரத்தின் இருமடங்கால் வகுத்தால் கிடைப்பது. பை மூடியின் மூலையில் ஆரம் 50 மி.மீ. என்று கொண்டால், ஊசிக்கு 10 மி.மீ. முன்னால் விலகல் 1 மி.மீ.; 5 மி.மீ. முன்னால் 0.25 மி.மீ. மட்டுமே. ஆகவே வளைவில் பாதத்தை ஒட்டிய சிறு பகுதியை மட்டும் பார்த்து நடத்த வேண்டும். அனுபவமுள்ள கைகளுக்கு இது சொல்லாமலே தெரியும். புதிதாகக் கற்பவர்தான் ஒளி முழுவதையும் நம்பி மூலையை நேராக்கிவிடுவார்.

எந்த நிறம்?

மனிதக் கண் 555 நானோமீட்டர் அலைநீளமுள்ள பச்சை ஒளியை மிக எளிதில் உணர்கிறது. அந்த உணர்வை 100 என்று வைத்துக்கொண்டால், 520 நானோமீட்டர் பச்சைக்கு ஏறக்குறைய 71; 635 நானோமீட்டர் சிவப்புக்கு 22; 650 நானோமீட்டர் சிவப்புக்கு 11. ஒரே சக்தியுள்ள இரு சிவப்பு விளக்குகளில் 635 என்று குறித்தது இருமடங்கு பிரகாசமாகத் தோன்றுவது இதனால்தான். சக்தியைக் கூட்டாமல் பிரகாசத்தைக் கூட்டும் நேர்மையான வழி அலைநீளத்தைத் தேர்ந்தெடுப்பதே.

ஆனால் தோலின் நிறமும் பேசுகிறது. பழுப்புத் தோல் சிவப்பை நன்றாகத் திருப்பியனுப்பும். பச்சையைப் பெரும்பாலும் விழுங்கிவிடும். அதற்கு 635 சிவப்பே பொருத்தம். கறுப்புத் தோல் எல்லா நிறத்தையும் விழுங்கும். அதில் எஞ்சித் தெரிவது பச்சையே. கோடு மங்கலாகத் தெரிந்தால் சக்தி மிகுந்த விளக்கைத் தேடுவதைவிட, கோடு விழும் இடத்தில் மட்டும் மேல்விளக்கின் வெளிச்சத்தைச் சற்று மறைப்பது மேல். ஏன் என்பதை இனிக் காண்போம்.

கண்ணுக்குரிய எச்சரிக்கை

லேசர் ஒளியைக் கண் ஒரு நுண்புள்ளியாகக் குவித்துவிடுகிறது. இருட்டில் விரிந்த கண்மணியின் விட்டம் 7 மி.மீ. விழித்திரையில் விழும் புள்ளியின் விட்டம் 0.02 மி.மீ. என்று கொண்டால், செறிவு 350-இன் வர்க்க மடங்கு, அதாவது இலட்சம் மடங்குக்கும் மேல் கூடுகிறது. கையில் பட்டால் சூடே தெரியாத ஒளி விழித்திரையைச் சுட முடிவது இதனால்தான். அந்தச் சூட்டுக்கு வலி இல்லை. வடு மட்டும் உண்டு.

இதனாலேயே சர்வதேசத் தரவிதிகள் லேசர்களை வகுப்புகளாகப் பிரித்துள்ளன. கண்ணுக்குத் தெரியும், இடைவிடாது எரியும் ஒளியில், இரண்டாம் வகுப்பின் உச்சவரம்பு 1 மில்லிவாட். தற்செயலாகப் பட்டால் கால் விநாடியில் இமை மூடிக்கொள்ளும். அதற்குள் தீங்கு நேராது என்பது அதன் அடிப்படை. 3ஆர் என்னும் அடுத்த வகுப்பு 5 மில்லிவாட் வரை. அதற்கு மேலுள்ள 3பி 500 மில்லிவாட் வரை. தையல் இயந்திரத்திற்கு இரண்டாம் வகுப்பே தகும். அதற்கு மேல் வேண்டாம்.

விளக்கின்மேல் ஒட்டிய சீட்டை மட்டும் நம்பிவிடவும் முடியாது. அமெரிக்காவின் தேசியத் தர, தொழில்நுட்ப நிறுவனம் 122 லேசர் சுட்டுக்கோல்களை அளந்து 2013-ல் முடிவை வெளியிட்டது. பச்சையில் ஏறக்குறைய 90 சதவிகிதமும், சிவப்பில் 44 சதவிகிதமும் விதிக்கு உட்படவில்லை. மலிவான 532 நானோமீட்டர் பச்சை விளக்குகளில் மற்றோர் அபாயமும் உண்டு: அகச்சிவப்பு ஒளியிலிருந்தே அங்கே பச்சை உண்டாக்கப்படுகிறது, வடிகட்டி இல்லாவிட்டால் அகச்சிவப்பும் வெளியே கசியும். கண் அதைக் காணாது, இமையும் மூடாது. பச்சை வேண்டுமானால் நேரடியாகப் பச்சையையே உமிழும் 520 நானோமீட்டர் குறைகடத்தி வகையைக் கேட்டு வாங்குக. நம் வளாகத்துப் பௌதிக ஆய்வுக்கூடங்களில் ஒளிச்சக்தி அளக்கும் கருவி இருக்கும். பட்டறையில் அது இராது. அளந்து சொல்வது நம்மால் எளிதில் செய்யக்கூடிய உதவி.

தோல் ஒளியைச் சிதறடிப்பதால் அதன்மேல் விழுந்த கோட்டைப் பார்ப்பதில் ஆபத்து இல்லை. ஆபத்து பளபளக்கும் பொருள்களால் வருவது: ஊசித்தகடு, பாதம், கொக்கி, கண்ணாடி மெருகேற்றிய தோல். விளக்கு முன்முகத்திலிருந்து சற்றே பின்னோக்கிச் சாய்ந்திருந்தால், தகட்டில் பட்டுத் தெறிக்கும் ஒளி தையற்காரரை விட்டு அப்பாற் செல்லும். ஆனால் எதிர்வரிசையில் ஒருவர் அமர்ந்திருக்கிறாரா என்று பாருங்கள். இடநெருக்கடியுள்ள பட்டறைகளில் பெரும்பாலும் இருப்பார். இயந்திரத்தின் பின்புறம் ஒரு கறுப்பு அட்டையை நிறுத்துவதும், விளக்கின் முனையில் சிறு தகட்டு மறைப்பு வைப்பதும் அவருக்காக. தோல் இல்லாதபோது அணைத்துவைக்கச் சொடுக்கி ஒன்றும் வேண்டும். குழந்தைகள் நடமாடும் வீட்டுப் பட்டறையானால் இவற்றில் எதையும் விடலாகாது.

லேசர்க் கோட்டை உற்றுப் பார்த்தால் அது மணல் தூவியதுபோல் பொரிப்பொரியாக மின்னும். தோலின் சொரசொரப்பில் சிதறிய அலைகள் ஒன்றோடொன்று குறுக்கிடுவதால் வருவது இது. தலையை மெதுவாகப் பக்கவாட்டில் அசைத்தால், பார்வை சரியாகக் குவியாதவர்களுக்கு இந்தப் பொரிகள் நகர்வதுபோல் தோன்றும். கிட்டப்பார்வை உள்ளவர்களுக்குத் தலைக்கு எதிர்த்திசையிலும், தூரப்பார்வை உள்ளவர்களுக்குத் தலையோடு அதே திசையிலும் நகரும். நாற்பத்தைந்து வயதைத் தாண்டிய ஒரு தையற்காரர் பொரிகள் தலையோடு ஓடுகின்றன என்று சொன்னால், அவருக்கு முதலில் வேண்டியது லேசரன்று. கிட்டத்தில் பார்ப்பதற்கு ஒரு மூக்குக்கண்ணாடி.

முடிவாக

இந்தச் சாதனம் திறமையைத் தராது. திறமையுள்ள கைக்கு, குறி பார்க்கும் சிரமத்தைச் சிறிது குறைக்கும். கறுப்புத் தோலில் வெள்ளிக்கோடு தெரியாமல் போகும் வயதிலும் இன்னும் சில ஆண்டுகள் தொழிலை விடாதிருக்க உதவும். அந்த அளவுக்கு அது மெய்யான உதவி. ஆனால் சாய்வாகப் பொருத்தினால் தடித்த இடத்தில் தோலைக் கெடுக்கும். சக்தி மிகுந்ததைப் பொருத்தினால் கண்ணைக் கெடுக்கும். இரண்டுமே பட்டறைக்காரர் தம் அனுபவத்தால் மட்டும் முன்கூட்டி அறியக்கூடியவை அல்ல. டேஞ்சன்டையும் மில்லிவாட்டையும் வகுப்பறையில் படித்த நாம் முன்கூட்டியே சொல்லக்கூடியவை.

விளக்கைக் கடையில் எவரும் வாங்கிவிடலாம். அதை எங்கே நிறுத்துவது என்பதுதான் பௌதிகம். இந்நகரில் படிக்கும் நண்பர்களில் ஒருவர் விடுமுறை நாளொன்றில், ஒரு படிக்கட்டுத் தோலும் ஒரு சிறு திருப்புளியும் எடுத்துக்கொண்டு பட்டறை ஒன்றுக்குச் சென்றால், அரைநாளில் இந்த வேலையை முடித்துவிடலாம். போகுமுன் விளக்கை ஆய்வுக்கூடத்தில் ஒருமுறை அளந்துகொண்டு போகட்டும்.